கல்லறைத் தோட்டத்தில் வரலாற்றுப் பாடம்

கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயலுக்கு நீர் தந்த பெரியாற்று அணை 1887 முதல் 1895 வரை கட்டப்பட்டது. நோயால் மாண்ட 483 பேர் அணைக்கு வடக்கே அடக்கம் செய்யப்பட்டனர் என்பர். பொறியாளர் பென்னிகுயிக் 1911இல் மறைந்து, இங்கிலாந்தின் பிரிம்லியில் துயில்கின்றார். அவருக்கு லோயர் கேம்பில் 2013இல் மணிமண்டபம் எழுந்தது. கூலியாட்களுக்கோ பெயர்ப்பலகையும் அரிது. திருச்சபை வரலாறு பயிலும் நம் மாணவர் காணவேண்டியது அவ்விடமே.

அது புலிகள் காப்பகத்தினுள் உள்ளமையால் கேரள வனத்துறையின் அனுமதியை முன்னதாகப் பெறல் வேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். ஆகவே உயிர்காப்பு அங்கியின்றி எவரையும் படகேற்றலாகாது. கல்லறைமேல் அமர்தலும், எழுத்தைப் படிக்கப் பாசியைச் சுரண்டலும் (ஆர்வமிகுதியால் நேர்வதே) தகா. காலைச் சாய்வொளியில் எழுத்து தானே துலங்கும். அனுமதி கிட்டாவிடில் லோயர் கேம்பிலேயே நின்று அக்கூலியாட்களுக்காக ஒரு நாழிகை அமைதி காக்கலாம்.