ஆட்டப்பகுதி நிறைவு (துடுப்பாட்டம்)

கிரிக்கெட் எனப்படும் துடுப்பாட்டத்தில் ஓர் அணியினர் தொடர்ந்து மட்டை பிடித்து ஓட்டங்கள் எடுக்கும் கட்டம் ஆட்டப்பகுதி அல்லது இன்னிங்சு எனப்படும். அது முடிவடையும் வழிகளை மெரில்போன் துடுப்பாட்டக் கழகத்தின் 13ஆம், 15ஆம் விதிகள் வரையறுக்கின்றன. ஐந்து நாள் தேர்வுப் போட்டிகளில், கடைசி ஆட்டப்பகுதி விதிப்படி நிறைவுற்றதா என்பதே சில வேளைகளில் போட்டியின் முடிவைத் தீர்மானிக்கிறது.

அனைவரும் ஆட்டமிழத்தல்

களத்தில் எப்போதும் இருவர் மட்டை பிடிக்க வேண்டும். எனவே பதினொருவரில் பத்துப்பேர் ஆட்டமிழந்ததும், எஞ்சியவருக்கு இணை இல்லாமற்போய் ஆட்டப்பகுதி முடிகிறது. தெருக்களிலும், சம்பா அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் தஞ்சை வட்டார வயல்களிலும் ஆடும் சிறுவர்கள் கடைசி ஆளைத் தனியே ஆடவிடுவதுண்டு. விதிநூலில் அதற்கு இடமில்லை.

பத்து விக்கெட்டுகளும் வீழ்ந்தே ஆகவேண்டும் என்பதில்லை. 1976 ஏப்ரலில் கிங்ஸ்டன் நகரில் மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சில் இந்திய வீரர்கள் பலர் காயமுற்றனர். இந்தியாவின் இரண்டாம் ஆட்டப்பகுதி 5 விக்கெட் இழப்புக்கு 97 ஓட்டங்களில் நின்றது. மற்ற ஐவர் மட்டை பிடிக்க வரவில்லை. அணித்தலைவர் பிசன் சிங் பேடி ஆட்டத்தைத் தாமாக முடித்துக்கொண்டதாக முதலில் கருதப்பட்டாலும், ஆட ஆளில்லாமல் நிறைவுற்ற ஆட்டப்பகுதியாகவே அது பின்னர் பதிவாயிற்று.

கடைசி விக்கெட் விந்தையாகவும் வீழலாம். 2006 திசம்பரில் கிறைஸ்ட்சர்ச் நகரில் குமார் சங்கக்கார நூறாவது ஓட்டத்தை எடுத்ததும், அவரைப் பாராட்ட முத்தையா முரளிதரன் கோட்டைவிட்டு நடந்தார். பந்து இன்னும் ஆட்டத்தில் இருந்தது. நியூசிலாந்தின் பிரண்டன் மெக்கல்லம் விக்கெட்டைத் தட்டிவிட, இலங்கை 170 ஓட்டங்களுடன் முடிந்தது.

முடித்துக்கொள்ளல்

விக்கெட்டுகள் மீதமிருக்கும்போதே அணித்தலைவர் ஆட்டப்பகுதியை முடித்துக்கொள்வதாக அறிவிக்கலாம். இது டிக்ளேர் எனப் பரவலாக அறியப்படுகிறது. எதிரணியை ஆட்டமிழக்கச் செய்யப் போதிய நேரம் வேண்டும் என்பதே இதன் காரணம். அறிவித்தபின் முடிவை மாற்ற இயலாது. 2008 திசம்பரில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்து 9 விக்கெட் இழப்புக்கு 311 ஓட்டங்களில் முடித்துக்கொண்டு 387 ஓட்டங்களை இலக்காக வைத்தது. சச்சின் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 103 ஓட்டங்கள் எடுக்க, இந்தியா 4 விக்கெட்டுகளை மட்டும் இழந்து வென்றது.

ஆட்டப்பகுதியைத் தொடங்காமலே துறக்கவும் விதி இடமளிக்கிறது. 2000 சனவரியில் செஞ்சூரியன் நகரில் தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும் ஆளுக்கு ஓர் ஆட்டப்பகுதியைத் துறந்தன. மழையால் கெட்ட போட்டியைக் காப்பாற்றும் பெருந்தன்மையாக அது போற்றப்பட்டது. தென்னாப்பிரிக்க அணித்தலைவர் ஹான்சி குரோனியே சூதாட்டத் தரகர் ஒருவரிடம் பணம் பெற்றிருந்தது பின்னரே தெரியவந்தது.

ஒருநாள் போட்டிகளில் 50 ஓவர்களும், இருபது20 போட்டிகளில் 20 ஓவர்களும் முடிந்தால் ஆட்டப்பகுதியும் முடிந்துவிடும்.

சமனும் வெற்றிதோல்வியற்ற முடிவும்

இரு அணிகளின் மொத்த ஓட்டங்கள் சமமாயிருப்பது மட்டும் தேர்வுப் போட்டியைச் சமன் ஆக்காது. கடைசியாக மட்டை பிடித்த அணியின் ஆட்டப்பகுதி நிறைவுற்றிருக்கவும் வேண்டும். இதற்குச் சேப்பாக்கத்தைவிட நல்ல சான்று இல்லை எனலாம். 1986 செப்டம்பரில் அங்கு ஆத்திரேலியா முதலில் 7 விக்கெட் இழப்புக்கு 574 ஓட்டங்களில் முடித்துக்கொண்டது; இந்தியா 397 எடுத்தது. இறுதி நாள் காலையில் ஆலன் பார்டர் தம் அணியின் இரண்டாம் ஆட்டப்பகுதியை 5 விக்கெட் இழப்புக்கு 170 என முடித்துக்கொள்ள, இந்தியாவின் இலக்கு 348 ஆனது. கடைசி ஓவரில் ஒரே விக்கெட் மீதமிருக்க, ரவி சாஸ்திரி ஓர் ஓட்டம் எடுத்து எண்ணிக்கையைச் சமமாக்கினார். ஒரு பந்து மட்டும் எஞ்சியிருக்கையில் கிரெக் மாத்யூசின் பந்தில் மணீந்தர் சிங் காற்தடுப்பு முறையில் ஆட்டமிழந்ததாக நடுவர் விக்ரம்ராஜூ கைதூக்கினார். இரு அணிகளுக்கும் மொத்தம் 744 ஓட்டங்கள். பந்து தம் மட்டையில் பட்டதென மணீந்தர் சொல்லிவந்தார். அப்பந்தையும் அடுத்த பந்தையும் அவர் ஓட்டமின்றித் தடுத்திருந்தால், அது வெற்றிதோல்வியற்ற போட்டியாகவே பதிவாகியிருக்கும். தேர்வுத் துடுப்பாட்ட வரலாற்றில் 1960ஆம் ஆண்டின் பிரிசுபேன் போட்டிக்குப் பிறகு இதுவே இரண்டாவது சமன்.

2011 நவம்பரில் மும்பையில் இதன் மறுபக்கம் நிகழ்ந்தது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் இந்தியாவுக்கு இரண்டு ஓட்டங்கள் தேவைப்பட்டன. ஒன்றை எடுத்துவிட்டு இரண்டாவதற்கு ஓடிய சென்னை வீரர் இரவிச்சந்திரன் அசுவின் ஓட்டத்தில் ஆட்டமிழந்தார். இரு அணிகளுக்கும் மொத்தம் 724 ஓட்டங்கள். ஆனால் இந்தியா இழந்திருந்தவை 9 விக்கெட்டுகளே. பிரக்யான் ஓஜா மட்டை பிடிக்காமலே காத்திருந்தார். ஆட்டப்பகுதி நிறைவுறாததால் போட்டி வெற்றிதோல்வியின்றி முடிந்ததாக அறிவிக்கப்பட்டது.