மலையேறிய மீன்

வில்லியம் கேமரன் என்ற அரசு நில அளவையாளர் 1885இல் மலாயாவின் கேமரன் மலையைக் கண்டு சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே வண்டிப் பாதை இல்லை. பேராக்கின் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை 1930களின் தொடக்கத்தில்தான் தானா ராத்தாவை எட்டியது. அதற்குச் சற்று முன்பு, 1929இல், ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ என்ற தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியிருந்தார். இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை. ஒரு நீராவி உருளையையும் கோவேறு கழுதைகளையும் வைத்துக்கொண்டு மனிதக் கைகளே காட்டை வெட்டின.

அந்த மனிதர்களும் சாப்பிட வேண்டும், துரையும் சாப்பிட வேண்டும். கடலோ மேற்கே, மலைக்குக் கீழே வெகு தூரத்தில். கரையில் பிடித்த மீன் 1,500 மீட்டர் உயரம் ஏறி வந்தாக வேண்டும். மேலே வந்ததும் அது இரண்டு அடுப்புகளுக்குப் பிரிந்தது.

துரையின் பங்களாவுக்குப் போனது பச்சை மீன்: கொடுவா, வெள்ளை வவ்வால் போன்ற வெண்சதை மீன்கள். மலாயாவின் பங்களாக் குசினிகளில் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனச் சமையல்காரர்கள் பெயர் பெற்றவர்கள். மற்றச் சீனர்கள் முன்பே வந்து வணிகத்தைப் பிடித்துவிட்டதால், பிந்தி வந்த ஹைனானியர் வெள்ளையர் வீட்டுச் சமையலைக் கற்றுத் தேர்ந்தார்கள். வெங்காயம், உருளைக்கிழங்கு, தக்காளியைப் பரப்பி, மேலே மீனை வைத்து, வெண்ணெய் தடவி ஓவனில் சுடுவது ஆங்கிலேய முறை. அதற்கேற்ற காய்கறி கேமரனிலேயே விளைந்தது என்பதுதான் இந்த மலையின் பாக்கியம். குளிர்நாட்டுக் காய்கறி இங்கே வருமா என்று அரசு வேளாண் நிலையம் சோதித்துப் பார்க்க, சீன விவசாயிகள் முட்டைக்கோஸையும் தக்காளியையும் மலைச்சரிவெல்லாம் பயிரிட்டார்கள்.

இப்படிச் சுட்ட மீனுக்கு ஐரோப்பிய வழக்கம் வெள்ளை ஒயின். அதன் புளிப்பு மீன் வாடையை அடக்கும். சிவப்பு ஒயின் ஏன் பொருந்துவதில்லை என்பதை 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்: அதில் இரும்புச் சத்து கூடுதலாக இருந்தால் வாயில் மீன் கவிச்சி தங்கிவிடுகிறது. ஆனாலும் மலாயாத் துரைமாரின் அன்றாடக் குடி விஸ்கி சோடாதான். ஒயின் விருந்து நாளுக்கு உரியது.

தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தது கருவாடும் நெத்திலியும். 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் அரசு வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தக் கூலியில் பச்சை மீன் எங்கே கட்டும்? கருவாடு கெடாது, கொஞ்சம் போட்டாலே ஒரு சட்டிக் குழம்பு மணக்கும். குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குத் தோட்டம் போட ஏக்கரில் 16இல் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அப்படிப்பட்ட துண்டு நிலத்துக் கத்தரியும் முள்ளங்கியும் கருவாட்டோடு சேர, ஒயின் செய்த வேலையைப் புளி செய்தது. எந்தக் குசினிக்கும் குறையாத சமையல் அறிவு அது.

குடி விஷயத்தில்தான் இரண்டு வீடுகளும் வெகுவாக விலகுகின்றன. ரப்பர்த் தோட்டங்களில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருந்தது. கூலியில் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. தென்னை செழிக்காத இந்த உயரத்துக்குக் கள் வேண்டுமென்றால் கீழிருந்துதான் வர வேண்டும், அதுவும் ஒரே நாளில் புளித்துக் காடியாகிவிடும். சமவெளியில் கள் ஒரு போராட்டமாகவே வெடித்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கை. தலைமையேற்ற ஆர். எச். நாதனை அரசு நாடு கடத்தியது. போருக்குப் பின் 1946இல் கெடாவில் தோட்டத் தொழிலாளரின் தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. மீனுக்கு எந்த மது பொருந்தும் என்று ஆராய பங்களாவில் நேரம் இருந்தது. தங்கள் பிள்ளைகளின் சோற்றைக் குடி தின்னக்கூடாது என்பதே தொழிலாளரின் கவலை.

இன்று இந்த மலையில் தேயிலை பறிப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். பங்களாச் சாப்பாடு எப்படி இருந்தது என்று அறிய விரும்புபவருக்கு 1937இல் கட்டிய ஸ்மோக்ஹவுஸ் விடுதி இன்னும் ஆங்கிலேய உணவு பரிமாறுகிறது. லயத்துக் குழம்பை அறிய அங்கே வாழ்ந்த குடும்பங்களைத்தான் கேட்க வேண்டும். அவர்களில் பலர் எப்போதோ ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள்.