கொங்கு நாட்டுச் சீர்களும் சபையின் ஐக்கியமும்

கொங்கு நாட்டுத் திருச்சபையின் வரலாறு எழுதப்படும்போது மிஷனெரிகள் வந்த ஆண்டு, ஆலயங்கள் எழுந்த ஆண்டு, பள்ளிகளின் தொகை, ஞானஸ்நானம் பெற்றோரின் கணக்கு ஆகியவையே முதலிடம் பெறுவது வழக்கம். இவை வேண்டுவனவே. ஆயினும் ஒரு சபை தன் மக்களை எந்தெந்த வயதில் எவ்வாறு தன்னோடு பிணைத்துக்கொண்டது, எந்த வயதில் அவர்களைக் கைநழுவ விட்டது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. சபைப் பதிவேடு ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் அடக்கத்தையும் குறித்துவைக்கிறது. இவற்றுக்கு இடைப்பட்ட நீண்ட ஆண்டுகளில் ஒருவர் தம்மைச் சபைக்குரியவராக உணர்ந்தாரா என்பதை அது கூறுவதில்லை. இவ்வினாவை ஆராய நாம் முதலில் சபைக்கு வெளியே, இந்நாட்டு மக்களின் சீர்களை நோக்கவேண்டும். வயதுக்கேற்ற இடம் என்னும் கருத்து இம்மண்ணுக்கு மிஷனெரிகள் கொண்டுவந்ததன்று.

பழங்கொங்கு 24 நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது என்பது மரபு. வேளாளக் குடிகள் குலங்களாகப் பிரிந்து, குலந்தோறும் ஒரு காணியூரும் அங்கே குலதெய்வக் கோயிலும் கொண்டிருந்தனர். பிழைப்பின் பொருட்டு எங்கே குடியேறினாலும், குழந்தைக்கு முடியிறக்கவும் காது குத்தவும் காணிக் கோயிலுக்கே திரும்பினர். சடங்கின் பொருள் குழந்தைக்குத் தெரியாது. ஆனால் அது யாருடைய பிள்ளை என்பதைச் சுற்றம் அன்றே அறிந்துகொண்டது. மணப்பருவத்தில் இணைச்சீர் வந்தது. மணமகனோடு அவன் உடன்பிறந்தாள் அமர்த்தப்பெற்று, பிறந்த வீட்டில் அவளுக்குள்ள உறவு சுற்றத்தார் முன்னிலையில் உறுதிசெய்யப்பட்டது. உடன்பிறந்தாள் இல்லாதவனுக்கு, முறையில் அக்காளோ தங்கையோ ஆகும் ஒருத்தி அவ்விடத்தை நிரப்பினாள். குடிமகனாகிய நாவிதர் மங்கல வாழ்த்துப் பாடினார். அதனைக் கம்பர் இயற்றினார் என்று கூறுவது கொங்கு வழக்கு.

இவற்றுக்குப் பின் வருபவையே நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டியவை. மணமான பெண்ணுக்குப் பின்னொரு காலத்தில் எழுதிங்கள் சீர் செய்யப்பட்டது. அதனை முடித்தவளே சுற்றத்தாரின் மங்கல நிகழ்ச்சிகளில் சில சீர்களை முன்னின்று செய்யத் தகுதி பெற்றாள். அதற்கும் அப்பால், உரிய சடங்கை நிறைவேற்றிய மூத்த கணவனும் மனைவியும் அருமைக்காரர், அருமைக்காரி எனப் பெயர் பெற்றுத் திருமணங்களை நடத்திவைக்கும் பொறுப்பை ஏற்றனர். கொங்கு வேளாளர் திருமணத்தில் புரோகிதரின் இடத்தில் நின்றவர் இந்த அருமைக்காரரே. 1960களின் நடுப்பகுதியில் காங்கயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ந்த மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் அம்மையார், கொங்குக் குடியானவர் சமுதாயத்தைப் பற்றி 1972இல் வெளியிட்ட நூலில் இம்மண்ணின் சடங்கு முறைகளை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இம்முறையில் முதுமை என்பது ஓய்வன்று, ஒரு பதவி. வயது ஏற ஏறப் புதிய தகுதி வந்து சேர்ந்தது. அன்றியும், ஒரே வயதினர் தமக்குள் கூடி மகிழும் ஏற்பாடாக இச்சீர்கள் அமையவில்லை. மணமகனுக்குத் தங்கை வேண்டும். தங்கைக்கு எழுதிங்கள் முடித்த மூத்தாள் வேண்டும். எல்லாருக்கும் அருமைக்காரர் வேண்டும். ஒருவர் தம்மைச் சமுதாயத்திற்கு உரியவராக உணர்ந்தது, பிறர் தம்மை அன்போடு நடத்தினர் என்பதனால் மட்டுமன்று. தாம் இன்றி அக்காரியம் நடவாது என்பதனால். இறையியல் மாணாக்கர் இவ்வேறுபாட்டைக் கருத்தில் இருத்தவேண்டும். பின்வரும் சபை வரலாறு முழுவதும் இதனைச் சுற்றியே அமைகிறது.

ஆனால் இவ்வரிய ஏற்பாட்டிற்கு இரண்டு வாயில்கள் அடைத்தே கிடந்தன. ஒன்று கைம்பெண்ணுடையது. கணவன் இறந்த அன்றே மங்கலச் சீர்களில் அவளுக்கிருந்த இடம் பறிபோயிற்று. நேற்றுவரை முன்னின்றவள் இன்று பின்கட்டில் நின்று பார்த்தாள். சில வீடுகளில் பார்க்கவும் கூடாதவளானாள். மற்றொன்று ஊருக்கு வெளியே குடியிருத்தப்பட்ட மக்களுடையது. இப்பகுதியில் மாதாரிகள் எனப்பட்ட அருந்ததியரும் பறையரும் தமக்கெனச் சுற்றமும் தெய்வமும் சீரும் இல்லாதவர் அல்லர். எனினும் ஊர்த் திருவிழாவுக்கு அவர்தம் பறையொலி வேண்டியிருந்தது. கோயிற்படியை அவர் மிதிப்பது கூடாதிருந்தது. அருந்ததியச் சிறுவர் ஆண்டுக் கூலிக்குப் பண்ணையத்தில் விடப்பட்டு, தாயைப் பிரிந்து கவுண்டர் வீட்டுப் பட்டியிலேயே ஆடுகளோடு இரவைக் கழித்தனர். பெருமாள்முருகன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கூளமாதாரி’ என்னும் நாவல் இத்தகைய சிறுவரைப் பற்றியதே. தேவைப்படுதல் மட்டும் ஒருவரைச் சமுதாயத்திற்கு உரியவர் ஆக்கிவிடாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

1830இல் இலண்டன் மிஷனைச் சேர்ந்த அடிஸ் ஐயர் கோயம்புத்தூருக்கு வந்து பணியைத் தொடங்கினார். 1850இல் சென்னை மிஷனெரி மாநாடு சாதியைத் திருச்சபைக்கு ஒவ்வாததெனத் தீர்மானித்தது. இலண்டன் மிஷனும் அந்நிலையையே மேற்கொண்டது. கொள்கையளவில் இது உறுதியானது. நடைமுறையில், சுற்றத்தை விட்டுத் தனியாளாக வந்தவருக்கு இழந்த சுற்றத்தின் இடத்தில் எதனைத் தருவது என்ற கேள்வி மிஷன் வளாகத்தின் வாசலிலேயே காத்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரோட்டில் பிரப் ஐயர் பணியாற்றிய நாளில் ஒடுக்கப்பட்ட மக்கள் குடும்பங் குடும்பமாகச் சபையில் சேர்ந்தபோது அக்கேள்வி வேறு உருவங்கொண்டது. அவர்கள் சுற்றத்தோடு வந்தனர். சுற்றத்தின் வறுமையோடும் வந்தனர்.

சபை முதலில் கைநீட்டியது பிள்ளைகளிடத்திலாகும். 1780இல் இராபர்ட் ரைக்ஸ் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் தொழிற்பட்ட சிறுவருக்காகத் தொடங்கிய ஓய்வுநாள் பள்ளி, நூறாண்டுக்குள் நம் நாட்டில் வேரூன்றி, 1876இல் இந்திய ஓய்வுநாள் பள்ளிச் சங்கமாக உருப்பெற்றது. அமெரிக்காவில் 1881இல் பிறந்த கிறிஸ்தவ முயற்சிச் சங்கம் வாலிபருக்கு வந்தது. விடுதிப் பள்ளிகளும் வந்தன. பண்ணையத்துப் பட்டியில் உறங்கியிருக்க வேண்டிய சிறுவன் விடுதியில் பாயும் தட்டும் பலகையும் பெற்றான் என்பதை நாம் சிறுமைப்படுத்தலாகாது. ஆனால் விடுதியில் பயின்றவன் சேரிக்குத் திரும்பியபோது, எழுத்தறியாத் தந்தைக்கும் அவனுக்கும் இடையே ஓர் இடைவெளி வளர்ந்திருந்தது என்பதும் உண்மையே.

அவ்விடைவெளியை ஓரளவு நிரப்பியது பாட்டு. ஈரோட்டில் ஊழியஞ்செய்த பாப்லி ஐயர், 1921இல் இந்திய இசையைப் பற்றி நூலெழுதியவர். கீர்த்தனைகளாலும் காலட்சேபத்தாலும் நற்செய்தியை அறிவித்தவர். கீர்த்தனைக்குப் புத்தகம் வேண்டுவதில்லை. பாட்டனுக்கும் பேரனுக்கும் ஒருங்கே மனப்பாடமாகும். ஆலயத்தில் இருவரும் ஒரே குரலெடுத்த சில நிமிடங்களில் எழுத்தறிவின் ஏற்றத்தாழ்வு மறைந்திருந்தது எனலாம்.

நம் கருத்துக்கு இவையனைத்தினும் சிறந்த சான்று வேதாகமப் பெண்களின் ஊழியம். மக்கள் வழக்கில் இவர்கள் ‘பைபிள் உமன்’. 1857இல் எலன் ரன்யார்டு அம்மையார் இலண்டன் நகரின் ஏழை வட்டாரங்களில் தொடங்கிய இம்முறை, தென்னிந்திய மிஷன்களில் விரைந்து பரவியது. இந்நாட்டில் இவ்வூழியத்திற்கு வந்தவர்களில் பலர் கைம்பெண்கள். எந்த நிலை அவளைப் பின்கட்டுக்குத் தள்ளிற்றோ, அந்நிலையே இங்கு அவளை வீடுவீடாக நடக்கும் உரிமையுடையவள் ஆக்கியது. வீட்டுப்பெண்களுக்கு எழுத்துக் கற்பித்தாள், வேதம் வாசித்தாள், பிள்ளைப்பேற்றிலும் சாவிலும் உடனிருந்தாள். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், அறுபது வயதுக்குக் குறையாத விதவைகளைச் சபையின் பட்டியலிற் சேர்க்கும் ஒழுங்கு உள்ளது. அப்பகுதியை முதியோருக்கு உதவித்தொகை வழங்கும் விதியாக மட்டும் கொள்வது போதாது. பிள்ளைகளை வளர்த்தல், அந்நியரை உபசரித்தல், உபத்திரவப்படுவோருக்கு உதவுதல் என அவளிடம் எதிர்பார்க்கப்பட்ட தகுதிகளை நோக்கினால், பெறுபவளாக மட்டுமன்றிச் செய்பவளாகவும் அவள் எண்ணப்பட்டாள் என்பது விளங்கும். கொங்கு நாடு அருமைக்காரிக்கு அளித்து, கைம்பெண்ணுக்கு மறுத்த பதவியைச் சபை கைம்பெண்ணுக்கே அளித்தது. நம் வரலாற்றில் இதனை ஒரு சிறு காரியமாக நாம் கருதவில்லை.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. 1950இல் கோயம்புத்தூர்த் திருமண்டலம் அமைந்து, பக்தி நெறியையும் கிறிஸ்தவத்தையும் இணைத்துச் சிந்தித்த ஏ. ஜே. அப்பாசாமி முதற் பேராயரானார். பின்வந்த பதிற்றாண்டுகளில் சங்கங்கள் பெருகின. பாலருக்கு ஒன்று, வாலிபருக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் நற்பணி ஆற்றியதை மறுப்பார் இல்லை. ஆயினும் வயதுக்கொரு சங்கம் கண்ட நாம், வயதுகளை ஒன்றினின்று ஒன்று பிரித்தும் விட்டோமோ என்னும் ஐயம் எழுகிறது. வாலிபர் வாலிபரோடே பாடுகின்றனர். அதுவும் பாட்டிமார் அறியாத பாடல்களை. வேதாகமப் பெண்களின் ஊழியம் சம்பளம் பெறும் பணியாளரிடமும் குழுக்களிடமும் சென்றபின், முதிய விதவை போதகர் சந்திக்கவேண்டியவர்களின் பட்டியலில் ஒரு பெயரானாள்.

நாடும் மாறிற்று. நூற்பாலைகளும் பின்னர்த் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும் கிராமங்களிலிருந்து இளையோரை ஈர்த்தன. அடுத்த தலைமுறை பெங்களூருக்கும் கடல் கடந்தும் சென்றது. 2011 குடிமதிப்பின்படி தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதை எட்டியவர்கள். கோயம்புத்தூரைச் சுற்றி வசதியுள்ள முதியோருக்கெனவே குடியிருப்புகள் எழுந்துள்ளன. அங்கே உணவும் மருத்துவமும் குறைவின்றிக் கிடைக்கலாம், திருமணம் நடத்திவைக்க யாரும் அழைப்பதில்லை. தனிமை முதியோருக்கே உரியதென்று எண்ணுவதும் பிழை. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேருக்கு ஒருவர் தனிமையுணர்வால் வருந்துவதாகக் கூறி, அது பதின்பருவத்தினரிடம் மிகுந்திருப்பதையும் சுட்டுகிறது. கைப்பேசியில் ஓயாது பேசும் பிள்ளையை அருமைக்காரரும் அறியார். வேதாகமப் பெண்ணும் வந்து காண்பதில்லை.

பழைய சீர்களை ஆலயத்திற்குள் கொண்டுவரவேண்டுமென நாம் கூறவில்லை. குலத்தின் எல்லையே அவற்றின் எல்லை. அவ்வெல்லை சபைக்குள்ளும் பெண்கொள்ளும் இடத்திலும் தேர்தல் நாளிலும் தலைகாட்டுவதைப் போதகர்கள் நன்கறிவர். ஆனால் ஒரு பணி இப்பொழுதே செய்யத்தக்கது. நூற்றாண்டு மலர் வெளியிடும் சபைகள் போதகர்களின் வரிசையைப் படங்களோடு அச்சிடுகின்றன. அச்சபைகளில் நடந்து நடந்து ஊழியஞ்செய்த வேதாகமப் பெண்களின் பெயர்களோ, பழைய அறிக்கைகளில் பெரும்பாலும் எண்ணிக்கைக்குள் மறைந்து கிடக்கின்றன. 1950களில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்ததைச் சிறுவராய்க் கண்டவர்களுக்கு இன்று எண்பது வயதை ஒட்டியிருக்கும். ஓய்வுநாள் பள்ளியின் மூத்த வகுப்பு மாணவர் இருவர் இருவராக ஒரு குறிப்பேட்டுடன் அவர்களிடம் சென்று, அந்த அம்மாளின் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு நடந்தார், எந்தக் கீர்த்தனையைப் பாடினார், எந்தக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்பண்ணப்பட்டார் எனக் கேட்டு எழுதிவரலாம்.