பேராசிரியர் ஷெனாயும் இலங்கை ரூபாவும்

அரநாயக்க மலைச்சரிவுகளில் வெட்டப்படும் இறப்பர்ப் பாலுக்கும் கொய்யப்படும் கொழுந்துக்கும் விலை அங்கே தீர்மானிக்கப்படுவதில்லை. கடல் கடந்த சந்தையில் டொலராகவும் பவுணாகவும் ஈட்டப்படும் அவ்விலை, ரூபாவாக உருமாறிய பின்னரே தோட்டத்தை வந்தடைகின்றது. ஒரு டொலருக்கு எத்தனை ரூபா என்பதை வகுப்பவர் யார்? அரசாங்கமா, வாங்குவோரும் விற்போரும் கூடிய சந்தையா? இவ்வினாவுக்குச் சந்தையே என்று தயக்கமின்றி விடை கூறியவர் பேராசிரியர் பி. ஆர். ஷெனாய்.

1905ஆம் ஆண்டில் காசரகோட்டை அடுத்த பெல்லிக்கோத்தில் பிறந்த ஷெனாய், காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் இலண்டன் பொருளியற் கல்லூரியிலும் பயின்றார். 1931இல் இலண்டனில் ஹயெக் நிகழ்த்திய விரிவுரைகள் அவருடைய சிந்தனைக்கு வழி வகுத்தன. பின்னர் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தார். இலங்கையின் நாணயத்தையும் வங்கிமுறையையும் ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1941இல் வெளிவந்தது. அந்நாளில் இந்நாட்டின் பணத்தை வெளியிட்டது நாணயச் சபை. கையிருப்பில் வெளிநாட்டுச் சொத்து இருந்தாலன்றிப் புதிய தாளை வெளியிட அதற்கு இயலாது. 1950இல் மத்திய வங்கி தோன்றியபின் அக்கடிவாளம் தளர்ந்தது. பின்னாளில் நேர்ந்த பலவற்றுக்கும் இம்மாற்றமே தோற்றுவாய் எனலாம்.

ஷெனாயின் புகழுக்குக் காரணமாயது 1955ஆம் ஆண்டின் மறுப்புரை. இந்தியாவின் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை ஆராய்ந்த பொருளியலறிஞர் குழுவில் அவர் ஒருவரே மாறுபட்டார். சேமிப்பை மிஞ்சிய முதலீட்டைப் பணம் அச்சிட்டு நிறைவு செய்தால், விலைகள் ஏறும், அந்நியச் செலாவணி வற்றும், கட்டுப்பாடுகள் பெருகும் என்றார். 1957இல் இந்தியாவைச் செலாவணி நெருக்கடி பற்றியது. 1966இல் டொலரொன்றுக்கு 4.76 ஆக இருந்த இந்திய ரூபா 7.50 ஆக இறங்கியது. தனித்து நின்றவர் சொல் பலித்தது என்று கூறுவது மிகையன்று.

அதே 1966இல், டட்லி சேனநாயக்க அரசாங்கத்தில் இராஜாங்க அமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அழைப்பில், ஷெனாய் இலங்கையின் பொருளாதாரத்தை ஆராய்ந்து அறிக்கையளித்தார். வரவு செலவில் துண்டுவிழும் தொகையைக் குறைத்தல், இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்துதல், ரூபாவுக்கு மெய்யான மதிப்பை வழங்குதல் ஆகியனவே அவர் வற்புறுத்திய கொள்கைகள். அரசாங்கம் அவற்றை முழுமையாக ஏற்கவில்லை.

ரூபாவின் மதிப்பு என்பது ஏட்டுக் கணக்கன்று. டொலரின் உண்மை விலை பத்து ரூபாவாயிருக்க, தோட்டத்துக்கு ஐந்து ரூபாவே கிடைக்குமாயின், எஞ்சிய ஐந்து ரூபாவும் கண்ணுக்குப் புலப்படாத வரியாகும். 1967 நவம்பரில் ரூபா 20 வீதம் மதிப்பிறக்கப்பட்டது. 1968இல் அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை வந்தது. புதிய ஏற்றுமதிகளுக்கு அதனால் மேலதிக ரூபா கிடைத்தது. ஆனால் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றும் அச்சலுகைக்கு வெளியே நிறுத்தப்பட்டன! நாட்டுக்குச் சோறிட்ட பயிர்களே அவ்வரியைத் தொடர்ந்து சுமந்தன.

சந்தைவாதிகளுக்கு இடர் தரும் உதாரணமும் இறப்பரிலேயே உண்டு. 1952இல் சீனாவுடன் செய்த இறப்பர்–அரிசி ஒப்பந்தம் உலக விலைக்கு மேற்பட்ட விலையைப் பெற்றுத் தந்தது. கேகாலை மாவட்டத்தார் அதனை எளிதில் மறப்பவரல்லர்.

இனி, அரிசிக் கூப்பன். 1953இல் கொத்தரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது ஹர்த்தால் வெடித்தது; பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். 1966 டிசம்பரில் வாரத்துக்கு இரு கொத்து என்றிருந்த பங்கீடு ஒரு கொத்தாகக் குறைந்தது. அது இலவசமாக வழங்கப்பட்டது. மானியத்துக்கென அச்சிடும் பணம் ஏழையின் கூலியையே கரைக்கும் என்பது ஷெனாயின் வாதம். இதில் உண்மை உண்டு. கட்டுப்பாடுகள் உச்சத்தை எட்டிய 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நேர்ந்தன என்பதை எண்ணுக.

ஆயினும் அவ்வாதம் ஓரிடத்தில் தடுமாறுகின்றது. சந்தையில் விற்பவனுக்கு வேறிடம் செல்லும் உரிமை வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளிக்கு அவ்வுரிமை ஏட்டளவிலும் இருக்கவில்லை. லயத்து அறையும் செக்ரோல் பெயரும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தன. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. இத்தகையோரின் கூலியைச் சந்தை நிர்ணயித்தது என்பது பொருந்தாது.

1977 நவம்பரில், ஜயவர்த்தன அரசாங்கம் இரு வீதங்களையும் ஒன்றாக்கி டொலருக்கு 16 ரூபா என்று தொடங்கியது. ஷெனாயின் கொள்கை வென்றதாகவே பலர் கருதினர். அவரோ 1978 பெப்ரவரியில் மறைந்தார். ஆனால் ஏற்றுமதித் தீர்வை உடனே உயர்த்தப்பட்டது. தோட்டத்துக்கு வரவேண்டிய இலாபத்தில் பெரும்பகுதி திறைசேரிக்கே சென்றது. 1979இல் கூப்பனுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தபோது, தாய், தந்தை, பிள்ளை என்று பலரும் உழைக்கும் தோட்டக் குடும்பங்கள் பல, கூட்டு வருமானம் வரம்பைக் கடந்தமையால் அதனைப் பெறவில்லை.

ஷெனாய் அஞ்சியது முழு உருவில் வந்தது 2022இல். பல காலம் பணம் அச்சிட்டும், டொலரைச் சுமார் 200 ரூபாவில் பிடித்து வைத்தும் வந்தபின், மார்ச்சில் பிடி தளர்ந்தது; சில வாரங்களில் அது 360 ரூபாவையும் தாண்டிற்று. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைகள் ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தன. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலியோ 2021இல் விதித்த 1000 ரூபாவிலேயே நின்றது. 2024இல்தான் அது 1350 ரூபாவாயிற்று.