ஆல்பனி வீட்டுக்காரி

1664-இல் டச்சுக்காரரிடமிருந்து நியூ ஆம்ஸ்டர்டாமைப் பறித்த ஆங்கிலேயர் அதற்கு நியூயார்க் என்று பெயர் சூட்டினார்கள். கொடி மாறிற்று, அடுக்களை மாறவில்லை. சுவீடனிலிருந்து வந்த தாவர அறிஞர் பெர் கால்ம் 1749-இல் ஆல்பனியில் தங்கியிருந்தார். டச்சு வீட்டுக்காரி கோஸை நூல்நூலாக அரிந்து, எண்ணெய், வினிகர், உப்பு, மிளகு கலந்து வைத்தாள். எண்ணெய்க்குப் பதில் உருக்கிய வெண்ணெய் ஊற்றுவதும் உண்டாம். மனிதர் சொக்கிப்போய் நாட்குறிப்பில் பக்குவத்தையே எழுதிவிட்டார்! தாவர அறிஞருக்கும் பசிக்கும் அல்லவா?

டச்சு மொழியில் 'கோல்' என்றால் கோஸ், 'ஸ்லா' என்றால் சாலட். ஆங்கிலக் காதில் அது 'கோல்டு ஸ்லா' என்றும் விழுந்தது.

மயோனேஸ் சேர்ந்தது பிற்பாடு. முட்டையின் மஞ்சள் கருவில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கடைய வேண்டும்; அவசரப்பட்டால் திரிந்துபோகும். 1912-இல் நியூயார்க் கடைக்காரர் ரிச்சர்டு ஹெல்மன் அதை ஜாடியில் அடைத்து விற்றார். அப்புறம் மணிக்கட்டு வலிக்கக் கடைவானேன் என்று பலரும் கரண்டியை வைத்துவிட்டார்கள்.