செய்திக்குழுக்களில் வாழ்நாள் விதி

ஓலையில் எழுதப்பெற்றவை செல்லுக்கும் தீக்கும் இரையாயின. பெயர்த்தெழுதுவார் வாய்த்த ஏடுகளே எஞ்சின. கோணேசர் கோயிலை 1624 இல் போர்த்துக்கேயர் இடித்தனர். எனினும், திருக்கோணமலைக் கோட்டை வாயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு இன்றும் வரலாறு பேசுகின்றது. காக்கப்பட்டதே சான்றாகும் என்னும் இவ்விதிக்கு மின்னெழுத்தும் விலக்கன்று.

அமெரிக்க மாணவர் 1979 இல் வகுத்த யூஸ்நெட் என்னுஞ் செய்தி வலையில், ஓரிடத்து எழுதிய மடல் நிலையந்தோறும் படியெடுக்கப்பட்டுப் பரவிற்று. வட்டின் கொள்ளளவோ சிறிது. ஆதலின் பழையன கழித்தல் இன்றியமையாததாயிற்று. 1992 இல் ரிச் சால்ஸ் வெளியிட்ட ஐ.என்.என். என்னும் மென்பொருளில் இதற்கெனத் தனிக் கோப்பொன்றுண்டு. அதன்கண் குழுவுக்குக் குழு மூன்று கால அளவுகள் குறிக்கப்படும்: மடல் இருக்கவேண்டிய குறைந்த நாள், முடிவுநாள் குறியாத மடலுக்குரிய பொதுநாள், எதற்கும் மேலெல்லை. எழுதியவர் முடிவுநாள் குறிப்பினும் அது முதலதற்கும் ஈற்றதற்கும் உட்பட்டே செல்லும்.

மடல் நீங்கிய பின்னரும் அதன் அடையாள எண்ணைப் பதிவேடு சின்னாள் நினைவிற் கொள்ளும். பத்து நாளுக்கு மேற்பட்ட மடலை நிலையம் ஏலாதாயின், நினைவு பதினொரு நாளேனும் நிற்றல்வேண்டும். அன்றேல் கழிந்த மடல் புதியதுபோல் மீளும். வாளாவிருக்கும் இணைப்பைத் துண்டிக்குங் காத்திருப்பு வரம்பு இதனின் வேறு. அது கதவை அடைக்குமேயன்றி ஏட்டைக் கிழிக்காது.

இவ்வரிகளை எழுதியோர் வட்டின் இடத்தைக் கருதினரேயன்றி வரலாற்றைக் கருதினாரல்லர். ஆயினும், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்து ஹென்றி ஸ்பென்சர் 1981 முதல் 1991 வரை வந்த மடல்களை 141 காந்த நாடாக்களிற் சேமித்தார். 1995 இல் எழுந்த டெஜா நியூஸ் பின்வந்தவற்றைத் திரட்டிற்று. அத்திரட்டு 2001 இல் கூகிளின் கைக்கு மாறிற்று. புலம்பெயர்ந்தோர் தமிழை உரோமன் எழுத்தில் எழுதி வாதிட்ட ‘சாக். கல்ச்சர். தமிழ்’ குழுவின் மடல்கள் இத்தகைய திரட்டுக்களாலேயே நமக்கு எட்டுகின்றன. அக்கூகிளும் 2024 பெப்புருவரி 22 முதல் புதிய யூஸ்நெட் மடல்களை ஏற்பதை நிறுத்திவிட்டது.

கழித்தல் குற்றமன்று, தேராது கழித்தலே குற்றம். எவ்வெழுத்து எத்துணை நாள் வாழவேண்டும் என்பதை நாம் வகுக்காவிடின், எவரோ என்றோ இட்ட எண்ணொன்று நமக்காக அதனை வகுத்துவிடும். நம் மாணவர் இதனை உளங்கொள்வாராக.