நூற்று மூன்றாம் சுற்று

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் சாசனத்தை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும், ஜனாதிபதி பதவிக்கு ஒரு கட்சி தன் அபேட்சகரை எவ்விதம் பொறுக்கியெடுக்க வேண்டும் என்பது பற்றி அதில் ஒரு வரியும் அகப்படாது. காங்கிரஸ் அங்கத்தினர்கள் தனியே கூடி அந்தக் காரியத்தை முடித்துவந்த வழக்கம் 1824-ஆம் ஆண்டோடு மதிப்பிழந்தது. அதன் பின் அது, நாடெங்குமிருந்து பிரதிநிதிகள் வந்து கூடும் மகாநாடுகளின் கைக்கு மாறிற்று. ஜனநாயகக் கட்சியார் 1832-இல் பால்டிமோர் நகரில் தங்கள் முதல் மகாநாட்டைக் கூட்டியபோதே, மூன்றில் இரண்டு பங்கு வாக்குப் பெறாதவர் எவரும் கட்சியின் அபேட்சகராக முடியாது என்று ஒரு விதி செய்துகொண்டார்கள். கட்சி முழுவதும் ஒருமனப்பட்டுத் தேர்தலில் இறங்க வேண்டும் என்ற நல்லெண்ணம் அதில் இருந்திருக்கலாம். ஆனால், 1844-இல் பெரும்பான்மை வாக்குப் பெற்றும் மார்ட்டின் வான் பியூரன் தோற்று, யாரும் எதிர்பாராத ஜேம்ஸ் போல்க் ஒன்பதாம் சுற்றில் தேர்ந்தெடுக்கப்பட்டதும், 1860-இல் சார்ல்ஸ்டன் நகரில் ஐம்பத்தேழு சுற்று வாக்கெடுத்தும் ஒருவரையும் தேர்ந்தெடுக்க இயலாமல் சபை கலைந்ததும், அவ்விதி ஒற்றுமையை வளர்த்ததைவிட மறுக்கும் அதிகாரத்தையே வளர்த்தது என்பதைக் காட்டும். தென்மாகாணத்தார் அதை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டதற்குக் காரணமும் அதுவே.

அந்த அதிகாரம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை உலகம் 1924-இல் கண்டது. அவ்வாண்டு ஜூன் 24-ஆம் தேதி, குத்துச்சண்டைக்கும் சர்க்கஸுக்கும் பெயர்போன நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன் மண்டபத்தில் மகாநாடு தொடங்கிற்று. முன்னணியில் நின்றவர் இருவர். ஒருவர் வில்லியம் மக்காடூ: வுட்ரோ வில்சனின் மருமகர், அவருடைய மந்திரிசபையில் நிதிப் பொறுப்பு வகித்தவர், மதுவிலக்கை ஆதரிக்கும் தென்பகுதியும் மேற்குப் பகுதியும் தம் பின்னால் வரப்பெற்றவர். மற்றவர் நியூயார்க் கவர்னர் ஆல் ஸ்மித்: நகரத்து ஏழைத் தெருவில் பிறந்து வளர்ந்தவர், கத்தோலிக்கர், மதுவிலக்குக்கு விரோதி. கத்தோலிக்கரையும் யூதரையும் கறுப்பரையும் பகைத்து அக்காலத்தில் பெருகிவந்த கூ க்ளக்ஸ் க்ளான் என்ற ரகசிய சங்கம் மக்காடூவை விரும்பியது. அவரோ அதைக் கண்டிக்க வாய் திறக்கவில்லை. அந்தச் சங்கத்தின் பெயரைச் சொல்லிக் கண்டிக்க வேண்டுமா என்ற தீர்மானம் வந்தபோது, மும்முறை அபேட்சகராக நின்று தோற்ற முதியவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், பெயர் வேண்டாம் என்று மன்றாட, மேல்மாடத்து ஜனங்கள் அவரைக் கூச்சலிட்டு அடக்கப் பார்த்தார்கள். தீர்மானம் ஏறத்தாழ ஒரே வாக்கில் தோற்றது. சில மாகாணங்கள் தம் பங்கு வாக்குகளைப் பலருக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்திருந்தமையால், கணக்கில் பின்னங்கள் வேறு வந்து நின்றன. மனிதனின் மனச்சாட்சியைப் பின்னமாக வகுக்கும் வித்தையை இங்கேதான் பார்க்கலாம்.

ஸ்மித்தின் பெயரை முன்மொழிந்தவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1921-இல் இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் முடங்கிப்போன அவர், ஊன்றுகோல்களின் துணையோடு அடிமேல் அடி வைத்து மேடையின் பிரசங்க பீடத்தை அடைந்து, அதை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு தலை நிமிர்ந்தபோது, எதிரிக் கூட்டத்தாரும் அவரைக் கவனியாமல் இருக்க முடியவில்லை. ஸ்மித்தை மகிழ்ச்சி மிக்க போர்வீரர் என்று அவர் அழைத்தது வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையொன்றிலிருந்து எடுத்த சொல். அந்தப் பிரசங்கத்தை வரைந்து தந்தவர் ப்ராஸ்காவர் என்ற நீதிபதி. புகழ் மட்டும் பேசியவருக்கே போயிற்று.

மொத்த வாக்கு 1,098. ஜெயிக்க வேண்டியது 732. ஜூன் 30-ஆம் தேதி நடந்த முதற்சுற்றில் மக்காடூவுக்கு 431½ வாக்கும் ஸ்மித்துக்கு 241 வாக்கும் விழுந்தன. அதன் பிறகு, கோடை வெப்பத்தில் வியர்த்து விறுவிறுத்த அந்த மண்டபத்தில், நாளுக்குப் பல சுற்றாக வாக்கெடுப்பு நடந்தும், வடம் பிடிப்பவர் எத்தனை பேர் இருந்தும் அசையாத தேரைப்போல் காரியம் நின்ற இடத்திலேயே நின்றது. அகர வரிசையில் முதலாவதாக அழைக்கப்படுவது அலபாமா. ஒவ்வொரு சுற்றிலும் அதன் கவர்னர் பிராண்டன் எழுந்து, தம் மாகாணத்தின் இருபத்துநான்கு வாக்கும் ஆஸ்கார் அண்டர்வுட்டுக்கே என்று நீட்டி முழக்கி அறிவிப்பார். அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைந்திருந்த ரேடியோவில் அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு, நாடெங்கும் பிள்ளைகள்கூட அதைப் பரிகாசமாகச் சொல்லிப் பழகிவிட்டார்களாம். சில நாள் முன்னதாகக் கிளீவ்லாந்தில் குடியரசுக் கட்சியார் ஒரே சுற்றில் கால்வின் கூலிட்ஜைத் தேர்ந்தெடுத்துவிட்டு வீடு திரும்பியிருந்தார்கள்.

மக்காடூவின் உச்சம் அறுபத்தொன்பதாம் சுற்றில் வந்த 530. பாதிக்குப் பத்தொன்பதே குறைவு. ஸ்மித்தின் உச்சம் எழுபத்தாறாம் சுற்றில் வந்த 368. மூன்றில் ஒரு பங்குக்கு இரண்டே அதிகம். இந்த இரண்டு எண்களிலும் அந்த விதியின் சரித்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பேன். மக்காடூவால் ஜெயிக்க முடியவில்லை. ஸ்மித்தால் ஜெயிக்கவே முடியாது. ஆயினும் மற்றவரைத் தடுத்து வைக்க அவருக்கு அந்த 368 போதும். பெரும்பான்மையே போதும் என்ற விதி இருந்திருந்தால், 530 வரை ஏறியவரை நோக்கி, ஜெயிக்கும் பக்கம் சாயும் சுபாவமுள்ள பிரதிநிதிகள் ஓடி வந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். மூன்றில் இரண்டு பங்கு என்னும் மலை எதிரே நின்றபடியால், ஓடுவதில் லாபம் இல்லை என்று அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

கடைசியில் இருவரும் களைத்து ஒதுங்க, ஜூலை 9-ஆம் தேதி, நூற்று மூன்றாம் சுற்றில், முன்பு இங்கிலாந்தில் ஸ்தானிகராக இருந்த வக்கீல் ஜான் டேவிஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். நவம்பரில் கூலிட்ஜுக்கு 382 தேர்வாளர் வாக்கும் டேவிஸுக்கு 136-உம் கிடைத்தன. மூன்றாவதாக நின்ற லா பாலெட்டுக்கு அவருடைய சொந்த மாகாணமான விஸ்கான்ஸினின் 13 மட்டுமே.

எட்டாண்டு கழித்துச் சிகாகோவில் ரூஸ்வெல்ட்டும் ஸ்மித்தும் எதிரெதிரே நின்றனர். மூன்று சுற்று நடந்தும் ரூஸ்வெல்ட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு எட்டாமல், மறுபடியும் 1924 வந்துவிடுமோ என்று கட்சியார் கலங்கியிருந்த வேளையில், நான்காம் சுற்றில் கலிபோர்னியாவின் பெயர் அழைக்கப்பட்டபோது மேடையேறியவர் மக்காடூ. ஸ்மித்தின் ஆட்கள் நிறைந்திருந்த மேல்மாடம் கூச்சலிட, அவர் அந்தப் பழைய சண்டையைப் பெயர் சொல்லி நினைவூட்டி, தம் மாகாணத்தின் நாற்பத்துநான்கு வாக்கையும் ரூஸ்வெல்ட்டுக்கு அளித்தார். தம் பிரதிநிதிகளை விடுவித்துத் தேர்வை ஏகமனதாக்க ஸ்மித் இணங்கவில்லை.

விதிக்கு முடிவு வந்தது 1936-இல், பிலடெல்பியாவில். அதை ரத்துச் செய்யும் யோசனையைச் சபைக்குக் கொண்டுவந்த விதிக்குழுவின் தலைவர் மிசௌரி மாகாணத்து செனட்டர் பென்னெட் சாம்ப் கிளார்க். 1912-ஆம் ஆண்டு பால்டிமோர் மகாநாட்டில், பத்தாம் சுற்றில் பெரும்பான்மை வாக்குப் பெற்றும், இந்த விதியாலேயே நாற்பத்தாறாம் சுற்றில் வில்சனிடம் தோற்றுப்போன சாம்ப் கிளார்க்கின் மகன் அவர். முணுமுணுத்த தென்மாகாணத்தாருக்கு, ஜனநாயகக் கட்சிக்கு வெற்றி தரும் மாகாணங்களுக்கு இனிக் கூடுதல் பிரதிநிதிகள் தரப்படும் என்ற வாக்குறுதியைக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள்.